தனியாக நெடுந்தூர பைக் பயணம்: ஒரே நாளில் நடக்கும் தவறுகள்

கூட்டமாகப் போனால் நமக்குத் தெரியாததைப் பின்னால் வருபவர் பார்த்துவிடுவார். பை ஒரு பக்கம் சரிந்தாலும், பிரேக் லைட் எரியாவிட்டாலும், தூக்கத்தில் வண்டி அலைந்தாலும் ஹார்ன் அடித்து நிறுத்த ஓர் ஆள் இருக்கும். தனியாகப் போகிறவருக்கு அந்த ஆள் இல்லை. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதனால்தான் பெரிதாகின்றன.

முந்தின நாள் மாலை சர்வீஸ் முடித்து, விடியற்காலையில் கிளம்புவது முதல் தவறு. புது டயர் முதல் 150 கி.மீ. வரை வழுக்கும். புது பிரேக் பேட் டிஸ்க்கோடு பொருந்தக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். சரியாக முடுக்காத எண்ணெய் போல்ட் ஓடிய பிறகுதான் கசியும். ஒரு வாரம் முன்பே வேலையை முடித்து, 200 கி.மீ.யாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

செயினை இறுக்கமாக வைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் நிறைய. சுமை ஏறும்போது பின்சக்கரம் மேலெழுந்து, முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) சுழலும் இடம், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். செயின் மிக இறுகும் இடம் அதுதான். தளர்வு போதாமல் இருந்தால் ஒவ்வொரு குழியிலும் கியர்பாக்ஸ் பேரிங் அடி வாங்கும். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மி.மீ. தளர்வு சொல்வார்கள், உயரமான வண்டிகளுக்கு இன்னும் கூடும். கையேட்டில் உள்ள அளவில் தளர்வான பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் சில பி.எஸ்.ஐ. கூட்டித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், குறைந்த காற்றில் டயர் அதிகம் மடங்கி மேலும் சூடாகும்.

லக்கேஜில் எடை இருக்கும் இடம், எடையைவிட முக்கியம். கனமான பொருள் பின் ஆக்சிலுக்குப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகும், வேகத்தில் ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். டூல்ஸும் தண்ணீரும் கீழே, உடம்புக்கு அருகில் இருக்கட்டும். துணிதான் மேலே. இழுபடும் ரப்பர் கயிறுகளை நம்ப வேண்டாம். குலுக்கலில் பை நகர்ந்து, கொக்கி கழன்று பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். தட்டையான பெல்ட் போட்டு, தொங்கும் நுனியையும் முடிந்துவிடுங்கள். கிளம்பி 20 கி.மீ.யில் ஒருமுறை நிறுத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். பை படிந்து, பெல்ட் தளர்வது பெரும்பாலும் அதற்குள்தான்.

அடுத்தது நேரக் கணக்கு. 400 கி.மீ.க்கு மேப் ஆறு மணி நேரம் என்கிறது. நான்கு நிறுத்தம், ஒரு சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் அது எட்டு. இதை மறந்தவர் கடைசி 100 கி.மீ.யை இருட்டில் ஓட்டுவார். 90 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் போகிறோம். கண்டு, உணர்ந்து, பிரேக் பிடித்து நிற்க 80 மீட்டர் வேண்டும். லோ பீம் வெளிச்சம் பல வண்டிகளில் அவ்வளவு தூரம் எட்டாது. சுமையால் பின்பக்கம் தாழ்ந்திருந்தால் அந்த வெளிச்சமும் எதிரே வருபவர் கண்ணுக்குத்தான் போகும். பின் சஸ்பென்ஷன் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) ஏற்றாமல் கிளம்பியதன் விளைவு இது.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, களைப்பில்லை என்றாலும் நில்லுங்கள். நின்றதும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்: பெல்ட், டயரில் ஆணி, செயின், விளக்குகள். முன் லிவரையும் பின் பெடலையும் தனித்தனியே அழுத்தி பிரேக் லைட்டைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சுவிட்ச் வேறு, ஒன்று செத்திருந்தால் மற்றொன்று அதை மறைத்துவிடும்.

மதியத்துக்கு மேல், இரண்டு முதல் நான்கு மணிக்குள் உடம்பு தானாகவே மந்தமாகும். பலரும் இதை வயிறு நிறையச் சாப்பிட்டதன் விளைவு என்று மட்டும் நினைப்பார்கள். வேகம் தெரியாமல் ஏறி இறங்குவது, கடைசி ஐந்து கி.மீ. நினைவில் இல்லாதது, பார்க்க வேண்டிய பலகையைத் தவறவிடுவது: இவையே அறிகுறி. தலை தொங்கும்வரை காத்திருந்தால், நான்கு வினாடி கண் அயர்வதில் 100 மீட்டர் போய்விடும். வைசரைத் திறப்பதும் சத்தமாகப் பாடுவதும் சில நிமிடங்களுக்குத்தான். காபி வேலை செய்ய 20 நிமிடமாவது ஆகும். எனவே காபியைக் குடித்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். அரை மணியைத் தாண்டினால் எழுந்தபின் மந்தம் கூடும்.

வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றுவது இதம்போலத் தோன்றும். 35 டிகிரிக்கு மேல் காற்று தோலைவிடச் சூடு. வீசும் காற்று உடம்பைக் குளிர்விக்காமல் சூடேற்றும், வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் நீர் இழப்பும் தெரியாது. உள்சட்டையை நனைத்து, ஜாக்கெட்டை மூடி ஓட்டினால் குளிர்ச்சி நீடிக்கும். குளிருக்கும் மழைக்கும் இதே கதைதான்: விரல் விறைத்தபின் உறை தேடாதீர்கள், நனைந்தபின் ரெயின்கோட் போடாதீர்கள்.

ட்யூப் போட்ட ஸ்போக் வீல் வண்டிக்கு ட்யூப்லெஸ் பஞ்சர் கிட்டை எடுத்துப் போவது வியப்பளிக்கும் அளவுக்குப் பரவலான தவறு. அந்த வண்டிக்கு வேண்டியது டயர் லிவர், மாற்று ட்யூப், பம்ப், பின் ஆக்சில் நட்டுக்குச் சரியான ஸ்பேனர். வண்டியோடு வரும் டூல்கிட்டில் அந்த ஸ்பேனர் இருக்கிறதா என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். இன்னொன்று: மாற்று கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளின் பக்கத்திலேயே ஓட்டி, டேப் ஒட்டி வைத்தால் வழியில் டேங்கைக் கழற்றும் வேலை மிச்சமாகும்.

போன் ஹேண்டில்பாரில் மட்டும் இருக்கக் கூடாது. விழுந்தால் வண்டி ஒருபக்கம் சறுக்கும், நாம் ஒருபக்கம். உதவிக்கு அழைக்க வேண்டிய போன் எட்டாத தூரத்தில் கிடக்கும். எஞ்சின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021-ல் எச்சரித்ததும் உண்டு. போனை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத் தொடர்பு எண், ரத்த வகை, ஒவ்வாமை எழுதிய அட்டை இன்னொரு பையில் இருக்கட்டும். வீட்டில் ஒருவரிடம் வழியையும், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேட வேண்டும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

செயினுக்குக் காலையில் கிளம்பும்போது லூப் (செயின் மசகு) அடித்தால் பாதி பின்சக்கரத்தில் தெறித்துப் போகும். மாலையில் வந்து சேர்ந்ததும், செயின் சூடாக இருக்கும்போது, எஞ்சினை அணைத்துவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றி, கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில் அடியுங்கள். இரவில் உள்ளே இறங்கிவிடும். அடித்து முடிப்பதற்குள் எஞ்சின் எண்ணெயும் கீழே இறங்கியிருக்கும், அதன் அளவை அப்போதே பார்த்துவிடலாம்.