கட்டுரைகளை உலாவியில் சேமித்துப் பிறகு படிப்பது எப்படி?

நேரமில்லாதபோது கண்ணில் படும் நல்ல கட்டுரையைப் புத்தகக்குறியாக மட்டும் வைத்தால், அந்தப் பக்கம் நீக்கப்பட்ட நாளில் நம்மிடம் வெறும் முகவரிதான் மிஞ்சும். 2007-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் கட்டுரைகளைச் சேமித்துப் பிறகு படிக்க உதவிவந்த பாக்கெட் சேவையையே மொசில்லா நிறுவனம் 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே கட்டுரையின் பிரதியை நம் கணினியிலேயே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

கணினியில் குரோம் உலாவியைப் பயன்படுத்துவோர், கட்டுரையைக் கடைசி வரி வரை ஒருமுறை நகர்த்தி, படங்கள் முழுவதும் தோன்றிய பின் கன்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்தினால் சேமிப்புப் பெட்டி திறக்கும். அதில் ஒற்றைக் கோப்பு என்னும் வகையைத் தேர்ந்தெடுத்தால் எழுத்தும் படமும் ஒரே கோப்பில் அடங்கும். முழுப் பக்கம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் படங்கள் தனிக் கோப்புறையில் சேரும், அதை அறியாமல் அழித்தால் படங்களும் போய்விடும். கோப்பின் பெயரில் கட்டுரையாளரையும் தேதியையும் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது அதுவே கைகொடுக்கும்.

பயர்பாக்ஸில், முகவரிப் பட்டையிலுள்ள வாசிப்புக் காட்சிப் பொத்தானை அழுத்தி, விளம்பரங்கள் மறைந்த பின் கன்ட்ரோல், பி (P) விசைகளைக் கொண்டு பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோமில் மூன்று புள்ளிப் பட்டியலிலுள்ள பதிவிறக்கக் குறியைத் தொட்டாலே போதும். ரயிலில் சிக்னல் இல்லாத இடத்திலும் கட்டுரை திறக்கும்.