வீடு விற்கப் போகிறீர்களா? பெயின்டரை அப்புறம் கூப்பிடுங்கள்

போன வாரம் பெங்களூர் அல்சூரில் ஒரு வீட்டுக்கு விலை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். மாடிப்படி ஏறும்போதே பெயின்ட் வாடை. "எல்லாம் ரெடி சார், இன்னும் ஒரு கோட் அடிச்சா முடிஞ்சுது" என்றார் வீட்டுக்காரத் தம்பி. பாத்ரூமை ஒட்டிய சுவரில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

பெருக்கித் துடையுங்கள், ஃபியூஸ் போன பல்பை மாற்றுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது யாருக்குத்தான் தெரியாது?

ஈரச் சுவரில் பெயின்ட்

புரோக்கர் வேலைக்கு வந்த புதிதில், விவேக்நகரில் இருந்த அப்பாவின் கீழ்த்தள வீட்டை நான்தான் விற்றேன். படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. சுரண்டி, பட்டி பார்த்து, எமல்ஷன் இரண்டு கோட் அடிக்கச் சொன்னேன். ஆகஸ்டில் பளபளவென்று இருந்தது. செப்டம்பரில் மழை பிடித்துக்கொண்டது.

அட்வான்ஸ் பேச்சு வரை வந்த பிறகு, வாங்குபவர் தன் அம்மாவைக் கூட்டி வந்தார். அந்த அம்மா நேராகக் கட்டில் ஓரம் குனிந்தார். அங்கே பெயின்ட் அப்பளம் போல உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். பொட்டென்று உடைந்து, பிசைந்த மாவு மாதிரி பட்டி நகத்தில் ஒட்டிக்கொண்டது. விரலை அப்படியே மகனிடம் நீட்டினார்.

அதற்குமேல் கேள்விகளே மாறிவிட்டன. மொட்டை மாடி ஒழுகுமா, வயரிங் எந்த வருஷம், வில்லங்கம் ஏதாவது உண்டா? கடைசியில் இரண்டு லட்சம் குறைத்துத்தான் முடிந்தது. சுவரை ஒழுங்காகச் சரி செய்திருந்தால் அதில் கால்வாசிகூட ஆகியிருக்காது. அப்பா இன்றைக்கும் "உன் பட்டி" என்றுதான் ஆரம்பிப்பார்.

டைல்ஸ் இடுக்கு, சுவருக்குள் ஓடும் பைப், மொட்டை மாடி, தரையிலிருந்து ஏறும் ஓதம் என்று ஈரம் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. செங்கல்லிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, மேலே ஆவியாகும்போது விட்டுவிட்டுப் போகிறது. சுவரில் பூக்கும் வெள்ளைப் பொடி இதுதான். மேலே பெயின்ட் போட்டு மூடினால் அதையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

அதனால் முதலில் பிளம்பர். கசிவை அடைத்த பிறகு, ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் சுவர் காயவில்லை. காய வாரக்கணக்கில் ஆகும். ஜனவரி முதல் மார்ச் வரை பெங்களூரில் மழை குறைவு, இந்த வேலைக்குத் தோது. அவ்வளவு பொறுக்க முடியாதா? கறையை அப்படியே விட்டு, காரணத்தைச் சொல்லி விலை பேசுங்கள். அந்த விலை குறைந்தாலும் பரவாயில்லை.

ஊதுபத்தி

வேண்டாம். எந்த நாற்றத்தை மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

குழாயில் வெள்ளைக் கறை

போர்வெல் தண்ணீரின் வேலை. வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். கடப்பா கல்லிலோ மார்பிளிலோ சொட்டினால் பாலிஷ் போய்விடும்.

காகிதம்

2024 அக்டோபரிலிருந்து பெங்களூர் மாநகராட்சி எல்லைக்குள் பத்திரப் பதிவுக்கு இ-காத்தா, அதாவது மாநகராட்சியின் சொத்துக் கணக்கின் மின்னணுப் பிரதி, கட்டாயம். பெயின்ட் வாங்கும் முன்பே இதற்கு விண்ணப்பியுங்கள்.

அல்சூர் தம்பி பெயின்டரை நிறுத்திவிட்டார். டைல்ஸ் இடுக்கை அடைத்து, சுவரில் தாள் ஒட்டியிருக்கிறார். நேற்றுப் போய்ப் பார்த்தேன், உள்பக்கம் இன்னும் வியர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.