குக்ரி வாங்கப் போகிறீர்களா? முதலில் உறையைப் பாருங்கள்

என் இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. மூன்று தையல். தென்னை மட்டை வெட்டும்போது பட்டதில்லை. குக்ரியை, அதாவது நேபாளத்து வளைந்த பெரிய கத்தியை, உறையிலிருந்து உருவும்போது பட்டது. வெட்டவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் தோப்பிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று.

பெரிய கத்தி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கத்தியையே பார்க்கிறார்கள். பளபளப்பு, வளைவு, எடை என்று அதிலேயே நின்றுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். இது முதல் குக்ரி வாங்குவோருக்கான குறிப்பு. தோட்ட வேலைக்கோ, மலையேற்ற முகாமுக்கோ, சேகரிப்புக்கோ வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ‘பாதுகாப்புக்காக இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். ஒரு விசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் கூர்க்கா என்றால் ராத்திரி கம்பைத் தட்டிக்கொண்டு விசிலடித்து வருபவர்தான் நினைவுக்கு வருவார். எங்கள் தெருவுக்கு வந்தவர் மாதம் பிறந்தால் வாசலில் சலாம் போட்டு நிற்பார். அவர் இடுப்புப் பட்டையில் தோல் உறையில் தொங்கியதுதான் நான் பார்த்த முதல் குக்ரி. உருவினால் ரத்தம் பார்க்காமல் உறைக்குள் போகாது என்று பையன்களுக்குள் ஒரு கதை ஓடும். சுத்தப் பொய். நேபாளத்து மலை கிராமங்களில் விறகு பிளப்பது, கறி நறுக்குவது, புதர் வெட்டுவது எல்லாம் இதால்தான். ஒவ்வொரு தடவையும் ரத்தம் கேட்டால் வெங்காயம் நறுக்க முடியுமா?

படி 1: வேலையை முடிவு செய்யுங்கள், அப்புறம் ஸ்கேலை எடுங்கள்

நேபாளத்துக் குக்ரியில் நாம் அடிக்கடி காண்பவை இரண்டு. ஒல்லியாக நீண்டிருப்பது சிருபாதே. சிரு என்ற புல்லின் இலையைப் போல இருப்பதால் அந்தப் பெயர். வயிறு பருத்து கனமாக இருப்பது போஜ்பூரே, கிழக்கு நேபாளத்து போஜ்பூர் மாவட்டத்தின் பெயரில் வழங்குவது. புதர், கொடி, இளங்கிளை என்றால் முதலாவது போதும். மட்டையும் மூங்கிலும் வெட்ட இரண்டாவதுதான் சரி. கனம் நமக்காக வேலை செய்யும்.

ஆனால் அளவு உங்கள் விருப்பம் மட்டும் இல்லை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. 2016-இல் வந்த ஆயுத விதிகளின் அட்டவணையில் குக்ரி பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அங்கே ஆயுதம் என்று கணக்கிடும் அளவு: அலகு (பிடி நீங்கலான இரும்புப் பகுதி) 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் நடுரோட்டில் நின்றுகொண்டு, ‘இது விவசாயக் கத்தி சார்’ என்று புரியவைக்கும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம். வழக்கமான குக்ரியின் அலகு 10 முதல் 12 அங்குலம் வரை வரும். அதனால் முதல் கத்தி 9 அங்குலத்துக்குள் இருக்கட்டும். நீளத்தை எல்லோரும் அளக்கிறார்கள், வயிற்றுப் பக்க அகலத்தை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் 2 அங்குலம் தாண்டும்.

படி 2: இரும்பு

நல்ல குக்ரிகள் பெரும்பாலும் லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடிக்கப்படுபவை. நம் ஊர்ப் பட்டறைகளில் அரிவாள் பிறப்பதும் அதே பட்டையிலிருந்துதான். வித்தியாசம் பதம் போடுவதில். அலகைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கெண்டியில் தண்ணீர் எடுத்து வாய்ப் பக்கம், அதாவது வெட்டும் ஓரத்தில், மட்டும் ஊற்றிக்கொண்டே போவார்கள். முழுக்கத்தியையும் முக்குவதில்லை. வாய் கடினமாகிவிடும், முதுகு இளக்கமாகவே நிற்கும். வெட்டும்போது வரும் அதிர்ச்சியை முதுகு வாங்கிக்கொள்ளும்.

கடைக்காரர் சம்மதித்தால் ஒரு சின்ன அரம் எடுத்து வயிற்றுப் பக்க வாயில் லேசாக உரசிப் பாருங்கள். அரம் வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது. அதே அரம் முதுகில் கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கடித்தால் அது சுவரில் மாட்டுகிற கத்தி.

என் முதல் கத்தி அந்த ரகம். ஒரு மலைவாசஸ்தலத்தில், சுற்றுலாப் பயணிகளுக்கான கடையில், முகம் பார்க்கும் கண்ணாடி போல முலாம் பூசியது. காய்ந்த மட்டையில் நாலாவது வெட்டுக்கு வாய் மடங்கிவிட்டது.

பிடிக்கு அருகே அலகில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். பசுவின் குளம்பு, சிவனின் சூலம், ரத்தம் வழிந்து கைக்கு வராமல் தடுப்பது என்று அதற்கு ஆயிரம் கதை. எந்தக் கதைக்காகவும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

படி 3: பிடி

கைக்குள் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். பிடியின் நடுவில் ஓடும் வளையம் விரல்களுக்கு நடுவே உட்கார வேண்டும், எலும்பில் குத்தக் கூடாது. அடிப்பாகம் விரிந்திருப்பது வழுக்கிப் போகாமல் இருக்கத்தான்.

பிறகு அடியில் உள்ள பித்தளைத் தகட்டைப் பாருங்கள். அலகின் வால் பிடி முழுக்க ஓடி வந்து, அங்கே அடித்து மடக்கப்பட்டிருந்தால் அந்த முனை தெரியும். அதுதான் நம்பிக்கையானது. பாதியில் நிற்கும் வாலை லாஹா என்ற பிசினால் ஒட்டியும் செய்கிறார்கள், நம் அரக்கு மாதிரி. குளிர் ஊருக்கு அது சரி. சித்திரை வெயிலில் கார் டிக்கியில் போட்டுவைத்தால் பிசின் இளகும். வீசும்போது பிடி கையில் இருக்கும், கத்தி இருக்காது.

படி 4: உறை

இங்கே பொறுமையாக நில்லுங்கள். குக்ரியின் உறை வளைவாகச் செதுக்கிய இரண்டு மரத்துண்டுகளைச் சேர்த்து, மேலே எருமைத் தோல் போர்த்தியது. முனையில் பித்தளைக் குப்பி. மரத்துண்டுகள் சேரும் கோட்டின் மேல்தான் கத்தியின் வாய் உட்கார்ந்திருக்கும். அதாவது உங்கள் விரலுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு ஒட்டும், ஒரு தோலும் மட்டுமே. ஒட்டு விட்டிருந்தால் தோல் ஒன்றும் தடுக்காது. எனக்கு நடந்தது அதுதான்.

வாங்குமுன் உறையில் கத்தியின் வாய் உட்காரும் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து முழு நீளமும் பாருங்கள். தோலில் மெல்லிய கீறல் தெரிந்தால் உள்ளிருந்து கத்தி அறுக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அடுத்து, புல்தரையில் காலை விலக்கி நின்று உறையைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கத்தி தானாக நழுவக் கூடாது. அதே சமயம் உருவுவதற்கு மல்லுக்கட்டவும் கூடாது. இழுபறியில் திடீரென்று விடுபடும் கத்தி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஊருக்குக் கொண்டு வந்த பிறகும் இதைச் செய்து பாருங்கள். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். டேராடூனில் கச்சிதமாக இருந்த என் இரண்டாவது கத்தி, தென்காசிக்கு வந்த மே மாதத்தில் லொடலொட என்றது.

(டேராடூன் என்றதும் ஒன்று. அங்கே நாலாபானிக் கோட்டையில் 1814-இல் கூர்க்காத் தளபதி பலபத்ர குன்வரின் சிறு படை ஆங்கிலேயரை எதிர்த்து நின்றது. வென்ற ஆங்கிலேயர்கள் எதிரிக்கும் சேர்த்து நினைவுத்தூண் எழுப்பினார்கள். அடுத்த வருடமே கூர்க்காக்களைத் தங்கள் படையில் சேர்க்கவும் தொடங்கினார்கள். கத்தி வாங்கப் போனால் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.)

உறைக்குள்ளேயே செருகப்பட்ட இரண்டு குட்டிக் கத்திகள் வரும். கூரானது கர்தா, சில்லறை வேலைக்கு. மழுங்கலானது சக்மக், வாயைத் தேய்த்துவிடவும் சிக்கிமுக்கிக் கல்லில் தீ எடுக்கவும். மழுங்கலாக இருக்கிறதே என்று அதைச் சாணை பிடித்துவிடாதீர்கள்.

படி 5: உருவுவது, திரும்ப வைப்பது

ஒரு கை நீளத்துக்குச் சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடது கையால் உறையைப் பிடிக்கும்போது முழுக்க வளைத்துப் பிடிக்க வேண்டாம். உள்ளங்கை முதுகுப் பக்கம், விரல்கள் இரண்டு தட்டைப் பக்கங்களில். வாய்ப் பக்கத்தை எந்த விரலும் தாண்டக் கூடாது. இனி வலது கையால், முதுகு உறையில் உரசியபடியே, வளைவைத் தொடர்ந்து மெதுவாக உருவுங்கள். நேராக இழுத்தால் வாய் மரத்தை உழும்.

திரும்ப வைப்பதும் இதே வழிதான், இன்னும் மெதுவாக. முதுகை உறையின் வாசலில் சாய்த்து உள்ளே தள்ளுங்கள். பேசிக்கொண்டே செய்யாதீர்கள். முதல் வாரம் தினமும் பத்து தடவை, வேலை எதுவும் செய்யாமல் இதை மட்டும் பழகினேன். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

படி 6: எடுத்துச் செல்வது

தோப்புக்குள் நடக்கும்போது இடுப்பின் பின்புறம், பிடி வலது கைக்கு வாகாக இருக்கும்படி பட்டையில் மாட்டுவது வழக்கம். உட்காரும் முன் கழற்றிவிடுங்கள். மரம் ஏறும்போது வேண்டவே வேண்டாம்.

வீட்டிலிருந்து தோப்புக்குப் போகும் வழியில் அது இடுப்பில் இருக்கக் கூடாது. உறையோடு சாக்கில் சுற்றிக் கட்டி, மற்ற கருவிகளோடு வண்டியின் பின்னால். வேலை முடிந்ததும் நேராக வீடு. டீக்கடை, கல்யாண வீடு, திருவிழா எதற்கும் அதோடு போகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். செக்-இன் பெட்டியில் வைத்து, கவுன்டரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்களுக்கு: அங்கே 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் மடக்க முடியாத கத்தியைப் பொது இடத்தில் வைத்திருப்பதே குற்றம். நீளம் எவ்வளவு என்பது பேச்சே இல்லை.

படி 7: பராமரிப்பு

வேலை முடிந்ததும் மரப்பாலைத் துடைத்து, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுத் தடவுங்கள். இது துருப்பிடிக்கும் இரும்பு. கடற்கரை ஊர் என்றால் இரண்டே நாளில் காட்டிக்கொடுத்துவிடும்.

சாணை மெஷினில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பொறி பறக்கப் பிடித்தால் வாயோரம் நீலம் பாயும். அந்த நீலம் தெரிந்தால் கெண்டித் தண்ணீரில் ஏற்றிய பதம் போய்விட்டது என்று அர்த்தம். பழைய மவுஸ் பேடின் மேல் 600-ஆம் எண் உப்புத்தாளை விரித்து, முதுகுப் பக்கமாக இழுத்துத் தேயுங்கள். வாயின் உப்பலான வடிவம் கெடாது. அப்புறம் சக்மக்கால் நாலு இழுப்பு.

மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் உறைக்குள் விடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். என்னுடையது எண்ணெய்த் துணி சுற்றி, பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. உறை தனியாக, பரண்மேல்.