சில்நைலான் டார்ப்: வீட்டிலேயே தைத்து, வீட்டிலேயே சோதிப்பது

கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் தார்ப்பாயில் சதுர மீட்டருக்கு 90 முதல் 120 கிராம் எடை இருக்கும். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் எடுத்தால் ஒரு கிலோவை ஒட்டிவிடும். சில்நைலான் என்பது சிலிகான் பூசிய நைலான் துணி. 30 டெனியர் (டெனியர் என்பது இழையின் தடிமனைச் சொல்லும் அளவு) சில்நைலான் சதுர மீட்டருக்குச் சுமார் 48 கிராம்தான். அதே அளவு டார்பை, அதாவது காட்டில் தங்கும்போது தலைக்கு மேல் கட்டும் கூரையை, கயிறு நீங்கலாக, 500 கிராம் சுமாரில் முடித்துவிடலாம். இரண்டு பேர் நனையாமல் படுக்க அது போதும். இந்த வகை டார்ப் ஒழுகினாலும் கிழிந்தாலும் அது பெரும்பாலும் ஊசி போன இடத்தில்தான் தொடங்கும். அதனால் வேலை முழுக்க அந்தத் துளைகளைச் சுற்றியே இருக்கிறது: குறைவாகப் போடுவது, சரியாக அடைப்பது, அவற்றின் மேல் இழுப்பு குவியாமல் பார்ப்பது.

துணியைக் கண்டுபிடிப்பது

‘பாராசூட் துணி’ என்ற பெயரில் விற்பதெல்லாம் சில்நைலான் இல்லை. பல துணிகளில் ஒரு பக்கம் மட்டும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். வெயிலும் ஈரமும் மாறி மாறிப் படுகிற நம் ஊரில் அந்தப் பூச்சு சில வருடங்களில் பிசுபிசுத்து, நாற்றமடித்து, உரிந்துவிடும். சிலிகான் அப்படிக் கெடாது. கடையிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை உண்டு: துணியின் இரண்டு பக்கமும் செல்லோடேப்பை ஒட்டிப் பாருங்கள். சிலிகான் பூச்சில் டேப் பிடிக்காது, தொட்டதும் வழுக்கி வந்துவிடும். பாலியூரித்தேனில் நன்றாகப் பிடிக்கும். அடுத்து, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி நகை எடைபோடும் சின்னத் தராசில் வையுங்கள். 0.48 கிராம் காட்டினால் சதுர மீட்டருக்கு 48 கிராம்.

அகலம் 150 சென்டிமீட்டர் என்றால் 6 மீட்டர் வாங்க வேண்டும், சோதனைத் துண்டுகளுக்கும் மூலை ஒட்டுகளுக்குமாக இன்னொரு மீட்டர். அந்த ஒரு மீட்டரை மிச்சம் பிடிக்காதீர்கள். நூல் முழுக்க பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுக்கும், பிறகு மக்கிப்போகும். பை தைக்கும் கடைகளில் கிடைக்கும் 20 மில்லிமீட்டர் நைலான் நாடா ஒன்றரை மீட்டர், ஜன்னல் ஓரங்களுக்கு அடிக்கும் நூறு சதவீத சிலிகான் ஒரு டியூப் (நிறமில்லாதது), பெயின்ட் கடையில் மினரல் டர்பன்டைன் கால் லிட்டர். அவ்வளவுதான்.

மிஷினைத் தயார் செய்வது

வீட்டு மிஷின்களில் பெரும்பாலும் 14 அல்லது 16-ம் நம்பர் ஊசி கிடக்கும். அதைக் கழற்றிவிட்டு 11-ம் நம்பர் புது ஊசி போடுங்கள். முனை கூராக இருக்க வேண்டும். பனியன் துணிக்கான உருண்டை முனை ஊசி ஆகாது. தையல் நீளம் 3 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு எட்டு அல்லது ஒன்பது தையல். நெருக்கமாகத் தைத்தால் உறுதி கூடும் என்று தோன்றும். இந்தத் துணியில் நடப்பது நேர்மாறு: தபால் தலையின் ஓரம் போலத் துளைகள் வரிசையாகி, இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

துணி வழுக்கும். மேல் துணியும் கீழ்த் துணியும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்து, மூன்று மீட்டர் முடிவில் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் நீண்டு நிற்கும். ஊசிக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை வைத்துத் துணியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டே ஓட்டுங்கள். பின்னுக்கு இழுக்கக் கூடாது, இறுக்கம் மட்டும். குண்டூசி குத்தாதீர்கள், அதுவும் துளைதான். துணி காயப்போடும் கிளிப் போதும். சுருக்கம் விழுந்தால் மேல் நூல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

தைப்பது

3 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு. அவை சேரும் நீளப் பக்கம்தான் கூரையின் முகடு. அதை நேராக வெட்டலாம், ஆனால் கட்டியபின் நடுவில் துணி தொளதொளக்கும், காற்றில் படபடக்கும். இதற்கு உள்வளைவு வேண்டும். சுவரில் 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, மெல்லிய சங்கிலி ஒன்றை நடுவில் 8 சென்டிமீட்டர் தொங்கும்படி மாட்டுங்கள். பின்னால் செய்தித்தாள்களை ஒட்டி அந்த வளைவை வரைந்துகொண்டு, அதன்படி இரண்டு துண்டுகளின் முகட்டு ஓரத்தையும் வெட்டுங்கள். தானாகத் தொங்கும் சங்கிலியின் வளைவில் எடை சீராகப் பரவியிருக்கிறது. அதே வளைவில் துணியை இழுத்துக் கட்டினால் இழுப்பும் அப்படியே பரவும்.

முகட்டுத் தையலுக்கு ஜீன்ஸ் பேன்ட்டின் கால் உள்பக்கம் இருக்குமே, அந்த மாதிரி மடித்த இரட்டைத் தையல். இரண்டு துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கீழ்த்துண்டு 1 சென்டிமீட்டர் வெளியே நீட்டியிருக்கட்டும். அந்த நீட்டலை மேல்துண்டின் மேல் மடித்து ஒரு தையல். பிறகு துணியை விரித்து, முழு மடிப்பையும் ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, அதன் ஓரத்தை ஒட்டி இன்னொரு தையல். வெட்டிய ஓரம் எங்கும் வெளியே தெரியக் கூடாது.

ஓரம் மடிப்பதற்கு முன்பே மூலை ஒட்டுகளைத் தைத்துவிடுங்கள், அப்போதுதான் அவை மடிப்புக்குள் சிக்கி நிற்கும். ஒட்டின் உள்பக்க விளிம்பு வளைவாக இருக்க வேண்டும். நேர்கோடாக வெட்டிய முக்கோண ஒட்டின் முனைகளில் இழுப்பு குவிந்து, அங்கேதான் முதலில் கிழியும். ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு அடுக்கு, பக்கம் 15 சென்டிமீட்டர். பிறகு சுற்றிலும் 1 சென்டிமீட்டர் இரட்டை மடிப்பு.

நாடாவை 12 சென்டிமீட்டராக வெட்டி, முனைகளைத் தீயில் காட்டி உருக்கி, இரண்டாக மடித்து 4 சென்டிமீட்டர் உள்ளே வைத்துத் தையுங்கள். மூலைகள் நான்கு, முகட்டு முனைகள் இரண்டு, நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு: மொத்தம் பத்து. முகட்டு முனையிலும் பக்கங்களிலும் நாடா வரும் இடத்தில் ஓரடுக்கு ஒட்டு வேண்டும். நாடாவின் குறுக்கே மூன்று வரி, ஒவ்வொரு வரியிலும் முன்னும் பின்னும் நான்கு முறை ஓட்டினால் போதும். மூலை நாடா மூலைவிட்டத்தின் திசையில் நிற்கட்டும், கயிறு இழுக்கப்போவது அந்தத் திசையில்தான்.

துளைகளை அடைப்பது

ஒட்டும் டேப் சிலிகான் பூச்சில் நிற்காது. சிலிகானில் ஒட்டுவது சிலிகான் மட்டுமே. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பங்கு சிலிகானுக்கு ஒரு பங்கு டர்பன்டைன் விட்டுக் குலுக்கி, விளக்கெண்ணெய்ப் பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக டர்பன்டைன் சேருங்கள். டார்பை இழுத்துக் கட்டிவிட்டு, தையல் துளைகள் சற்றே திறந்திருக்கும்போது, மழை படும் பக்கத்தில் பிரஷால் தேயுங்கள். நாடா தைத்த இடங்களை மறந்துவிடாதீர்கள், அதிகத் துளை அங்கேதான். காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். 24 மணி நேரம் காயட்டும். பிறகு முகப்பவுடர் தூவித் துடைத்தால் மடிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாது.

சோதனைகள்

முதல் இரண்டு சோதனையும் டார்பை வெட்டும் முன்பே, துண்டுத் துணியில் நடக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரண்டு அங்குல பிவிசி பைப்பின் அடிவாயில் துணியைப் போர்த்தி, ரப்பர் பட்டையும் ஹோஸ் கிளிப்பும் வைத்து இறுக்குங்கள். பைப்பை நிறுத்திக் கட்டி, தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். 1 மீட்டர் உயரம் நின்றால் அது 1000 மில்லிமீட்டர் தாங்கும் துணி. மூன்றாவது இடத்தில் துளி தெரியும்போது இருக்கும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூட ஐஎஸ்ஓ 811 முறையிலும் மூன்றாவது துளிதான் கணக்கு. கூரைக்கு 1200 முதல் 1500 போதும். இனி முக்கியமான பகுதி: அதே துண்டை நூறு முறை கசக்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி சோதியுங்கள். நல்ல துணியில் அளவு கொஞ்சம்தான் இறங்கும். பாதியாக இறங்கினால் அந்தத் துணி வேண்டாம்.

அடுத்தது தையல். 5 சென்டிமீட்டர் அகலப் பட்டையின் நடுவே முகட்டுத் தையல் போட்டு, இரு முனைகளையும் கம்பில் சுற்றிக் கட்டி, கீழே 20 லிட்டர் பெயின்ட் வாளியைத் தொங்கவிடுங்கள். லிட்டர் லிட்டராக ஊற்றினால் ஒவ்வொரு கிலோவாகக் கூடும். நூல் அறுந்தால் நூல் மோசம். துளைகளின் கோட்டிலேயே துணி கிழிந்தால் தையல் நெருக்கம் அல்லது ஊசி தடிமன். 20 கிலோவில் ஐந்து நிமிடம் நின்றபின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அந்தத் தையல் காட்டுக்குப் போகத் தயாரில்லை. நாடா தைத்த மூலைக்கும் இதே வாளிதான்.

கடைசியாக மொட்டை மாடியில் முழு டார்பையும் கட்டி, ஹோஸால் ஒரு மணி நேரம் மேலிருந்து மழை மாதிரி விடுங்கள். நைலான் தண்ணீர் குடித்து நீளும், கூரை தொய்யும். அது பழுதில்லை, கயிற்றை மறுபடி இழுத்துக்கொள்ள வேண்டும். உள்பக்கம் துளி கண்டால் உடனே ஒழுகல் என்று முடிவு கட்டாதீர்கள். தையலை ஒட்டி வரிசையாக வந்தால் ஒழுகல். துணி முழுக்கப் பனி மாதிரி படிந்தால் உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம். ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, காய்ந்தபின் சிலிகானை மறுபடி தேயுங்கள்.

இந்தத் துணி தீயில் உருகிச் சொட்டும். அதன் அடியில் அடுப்பு மூட்டவே கூடாது. வெயிலில் நாள்கணக்கில் விரித்து வைத்தால் நைலான் பலமிழக்கும், அதனால் பகலில் தேவையில்லாதபோது அவிழ்த்து வையுங்கள். ஒரே மடிப்பில் மடிக்காமல் பைக்குள் திணியுங்கள். கிழிந்தால் அதே துணியில் வட்டமாக ஒட்டு வெட்டி, குழைக்காத சிலிகானை மெல்லப் பூசி ஒட்டி, மேலே புத்தகம் வைத்து ஒரு நாள் விட்டால் போதும். தைக்க வேண்டாம்.