அந்தமானுக்குக் கைக்குழந்தையோடு குடிவருகிறவர்கள் செய்யும் தவறுகள்

மாற்றலாகி வரும் மத்திய அரசு ஊழியர்கள், வங்கி வேலைக்காரர்கள், கடற்படைக் குடும்பங்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமே என்று கிளம்பி வரும் ஐ.டி. ஆட்கள் என்று போர்ட் பிளேருக்குச் சின்னப் பிள்ளைகளோடு குடிவருகிறவர்கள் நிறையப் பேர். (2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்.) ஐந்து நாள் சுற்றுலா வந்துபோன நினைப்பிலேயே குடித்தனத்தையும் ஆரம்பித்துவிடுகிறார்கள், அங்கேதான் எல்லாம் இடிக்கிறது. நானும் இங்கேதான் பிள்ளைகளை வளர்க்கிறேன். புதிதாக வருகிற குடும்பங்கள் திரும்பத் திரும்ப ஒரே விஷயங்களில் கஷ்டப்படுவதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், வரும் நேரம். பள்ளி ஆண்டு முடிந்து, வழியனுப்பு விருந்தெல்லாம் முடிந்து மே கடைசியிலோ ஜூனிலோதான் பலரும் மூட்டை கட்டுகிறார்கள். சென்னையில் அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே, மே நடுவில், தென்மேற்குப் பருவமழை இங்கே வந்துவிடும், கேரளாவுக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான். நடுவில் கொஞ்சம் விட்டாலும் டிசம்பர் வரை மழைக்கால நினைப்பிலேயே இருக்க வேண்டிய ஊர் இது. கப்பலில் வந்த சாமான்கள் நனைந்து, பிளைவுட் கட்டில் உப்பி, மெத்தையில் பூஞ்சணம் பூத்து, துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாமல், கைக்குழந்தையோடு அந்த முதல் மாதத்தைத் தள்ளுவது கொடுமை. முடிந்தால் ஏப்ரலில் வந்துவிடுங்கள். பிளைவுட், ரெக்சின், தோல் சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு கொசுவலை, பருத்தித் துணி, எவர்சில்வர் பாத்திரம் இவற்றைக் கொண்டுவந்தால் போதும்.

ஏப்ரலில் வரச் சொல்வதற்கு இன்னொரு காரணம் தண்ணீர். ஊருக்குக் குடிநீர் பெரும்பாலும் தனிக்காரி அணையிலிருந்து வருகிறது, அந்த அணைக்கு மழையை விட்டால் வேறு வழி கிடையாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், சில பகுதிகளில் அதைவிட இடைவெளி விட்டு வரும். ஏப்ரலில் வீடு பார்த்தால் இது கண்ணில் பட்டுவிடும், ஜூலையில் பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. கடல் தெரியும் பால்கனியில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அடுத்த பிப்ரவரியில் குடத்தோடு நிற்பார்கள். வீட்டுக்காரரிடம் நேராகவே கேளுங்கள்: போன மார்ச்சில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது, சின்டெக்ஸ் தொட்டி எத்தனை லிட்டர், கூரை மழைநீரைப் பிடிக்க வழி இருக்கிறதா? வீட்டுக்காரர் மழுப்பினால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

தண்ணீர் குறைவு என்றதும் எல்லோரும் செய்வது டிரம், பக்கெட், அண்டா என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைப்பது. பிடிக்கத்தான் வேண்டும், ஆனால் நான் மிகவும் பயப்படும் தவறு இதில்தான் இருக்கிறது. தவழும் குழந்தையும் நடை பழகும் குழந்தையும் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்க்கும். அந்த வயதில் தலை கனம் அதிகம், குப்புற விழுந்தால் தானாக எழ வராது, அரை பக்கெட் தண்ணீர்கூட உயிரை எடுத்துவிடும், சத்தம்கூடக் கேட்காது. குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். டிரம்முக்குத் திருகு மூடி வாங்குங்கள், மேலே பலகையை வைத்து மூடுவது மூடியாகாது. அதே டிரம்தான் டெங்கு கொசுவுக்கும் வீடு. முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும், அதனால் வாரம் ஒருநாள் டிரம்மைக் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் முட்டை அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது கடிகாரம். நேரம் இந்தியா முழுக்க ஒன்றுதான், ஆனால் நாம் நன்றாகக் கிழக்கே இருப்பதால் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னாலேயே இங்கே சூரியன் உதித்து, அதே அளவு முன்னால் மறையும். மே மாதம் காலை 5 மணிக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும், டிசம்பரில் மாலை 5 மணிக்கே அஸ்தமனம். அப்பா ஆபீஸ் முடிந்து வந்து பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைக்கும்போது இருட்டியிருக்கும். குழந்தை ஐந்துக்கே எழுந்து உட்கார்ந்துகொள்ளும், பெரியவர்கள் ஊர்ப் பழக்கத்தில் பதினொரு மணிவரை விழித்திருந்துவிட்டு வீடே எரிச்சலில் இருக்கும். ஊர் நேரத்தை இங்கே இழுத்துப் பிடிக்காதீர்கள். விளையாட்டை விடியற்காலைக்கு மாற்றி, சாயங்காலச் சாப்பாட்டை ஏழுக்குள் முடித்து, எட்டுக்குப் பிள்ளையைத் தூங்க வையுங்கள். ஒரு மாதத்தில் உடம்பு பழகிவிடும்.

மழைக்காலத்தில் பிள்ளைகளை வெறுங்காலோடு விடாதீர்கள், இதில் நான் கறார். அந்தமானில் எலிக்காய்ச்சல் பழைய பிரச்சினை, இங்கே இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) மையம் இந்த நோய் ஆராய்ச்சியில் உலக சுகாதார அமைப்போடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது என்றால் புரிந்துகொள்ளலாம். எலி சிறுநீர் கலந்த சேற்றுத்தண்ணீர், காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் பாராசிட்டமால் கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று உட்காராமல் உடனே டாக்டரிடம் போங்கள், பிள்ளை மழைத்தண்ணீரில் விளையாடியதையும் மறக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று பூரான். இங்கே இருப்பது ஊரில் பார்க்கும் சைஸ் இல்லை, மழைக்கு வீட்டுக்குள் வந்து ஷூவுக்குள் படுத்துக்கொள்ளும். காலையில் பிள்ளைக்குப் பள்ளி ஷூ மாட்டும் முன் கவிழ்த்துத் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள், அதைப் பிள்ளைக்கும் பழக்கிவிடுங்கள்.

கடலை வீட்டு வாசல் மாதிரி நினைப்பது அடுத்த தவறு. உவர்நீர் முதலை உள்ள கடல் இது. கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் வலை கட்டியிருப்பது அழகுக்கு இல்லை. ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்திக் காடு ஓரம், விடியலும் அந்தியும், இந்த இடமும் நேரமும் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஆள் இல்லாத அழகான கரை கிடைத்தது என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஏன் ஆள் இல்லை என்று அந்தப் பகுதிக்காரர் யாரையாவது கேளுங்கள். மணல் ஈ கடித்தால் பிள்ளைகள் ஒரு வாரம் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள், முழுக்கால் பேன்ட்டும் காலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் நல்ல காவல். சிப்பி, பவளம் பொறுக்க விடாதீர்கள், அனுமதியில்லாமல் எடுத்துப்போகக் கூடாது, விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், பிள்ளை அங்கேயே அழும்.

சாப்பாட்டில் ஊர்க் காய்கறியையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். தக்காளி, வெங்காயம், உருளை எல்லாம் கப்பலில் வருகிறது, கப்பல் தாமதமானால் விலை ஏறும். பூசணி, பப்பாளி, வாழை, கீரை, தேங்காய், மீன் இங்கேயே கிடைக்கிறது. கொத்தமல்லிக்குப் பதில் சந்தையில் நீளமாக, ஓரத்தில் பல் பல்லாக இருக்கும் பர்மா தனியா வாங்கிப் பாருங்கள், ரசத்துக்கு ஓர் இலை போதும். குழந்தைக்குக் குறிப்பிட்ட பால்பவுடரோ, இன்ஹேலரோ, வலிப்பு மருந்தோ கொடுக்கிறீர்கள் என்றால் மட்டும் எந்தக் கடையையும் நம்பாமல் இரண்டு மாதத்துக்குக் கையிருப்பு வையுங்கள். ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது, வழக்கமான வைத்தியத்துக்குக் கவலையில்லை, ஆனால் சிறப்புச் சிகிச்சை என்றால் சென்னைதான், அதற்கு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். கிளம்பும் முன்பே உங்கள் குழந்தை மருத்துவரிடம் போனில் பேச ஒத்துக்கொள்வாரா என்று கேட்டுவைத்துவிடுங்கள்.

யாரும் பேசாத ஒன்றும் இருக்கிறது. கணவர் வேலைக்குப் போய்விடுவார், வெளியே மழை, உள்ளே இரண்டு குழந்தைகளோடு அந்தப் பெண் தனியாக. ஊரிலிருந்து அம்மா நினைத்தவுடன் ரயிலேறி வர முடியாது. 'போகப் போகப் பழகிடும்' என்று சொல்லி அவரை அப்படியே விடுவதுதான் இந்தப் பட்டியலில் பெரிய தவறு என்பேன். 2011 கணக்கெடுப்பிலேயே இங்கே நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழ் தாய்மொழி, வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குப் போனால் ஊரே தமிழ் பேசுவது போல் இருக்கும். வந்த முதல் வாரத்திலேயே தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இந்தி தெரியாதே என்று வீட்டுக்குள் முடங்க வேண்டாம், இங்கே எல்லோரும் பேசுவது ஆளுக்கொரு தாய்மொழி கலந்த இந்திதான், தப்பாகப் பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பிள்ளைகள் சீக்கிரமே இந்தியில் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள், வீட்டில் தமிழை விடாமல் பேசினால் போதும்.

கடைசியாக நிலநடுக்கம். அதிக ஆபத்துள்ள மண்டலம் இது. 2004 டிசம்பர் 26 அன்று சிப்பிகாட் பகுதியில் நிலமே தாழ்ந்து வயலுக்குள் கடல் வந்து நின்றது. வீடு மேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகவும்தான். பெரிதாக, நீண்ட நேரம் ஆடினால் சுனாமி சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும் என்று நான்கு வயதுப் பிள்ளைக்கும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம். பள்ளியில் சேர்க்கும் அன்றே பிள்ளைகளை எந்த மேட்டுக்குக் கூட்டிப்போவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் இருவரும் அந்த இடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.