திருத்துவதா, விற்பதா? கிணற்றுத் தண்ணீர் குடித்த கார்

கொடிகாமம் தாண்டினால் என் பழைய காரின் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கிவிடும். ஆனையிறவு வெயிலில் பொனெற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. பம்ப், பெல்ற், ஹோஸ் என்று மாற்றியும் சரிவரவில்லை. "தம்பி, உதை வித்துப்போட்டு வேற பாருங்கோ" என்றார் கராஜ் அண்ணை. எதைப் பார்ப்பது? 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டபோதும், வரியோடு விலை எட்டாத உயரம்தான்.

ஆகவே ஒரு கோடு போட்டேன்: எஞ்சின் நல்லதென்றால் திருத்துவது, இல்லையென்றால் விற்பது. ஹெட் காஸ்கெற், அதாவது சிலிண்டர்களுக்கு மேல் ஓயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து நிற்கும் தகடு, போயிருந்தால் எஞ்சின் ஓயில் பால்தேத்தண்ணி மாதிரி வெளிறலாம். எஞ்சின் ஓடும்போது, அதைக் குளிரவைக்கும் றேடியேற்றர் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருக்கலாம். இரண்டும் இல்லை. கொம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று, பார்க்கச் சொன்னேன். எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. சரி, திருத்துவோம்.

றேடியேற்றரைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. முந்தி வைத்திருந்த மனிசன் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்! எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளைதான் குழாய்களை அடைத்து, சூட்டுக்கேற்ப தண்ணீரைத் திறந்துவிடும் தேர்மோஸ்ரற்றையும் இறுக்கியிருந்தது. இரண்டையும் மாற்றி, காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்ற் கலந்து ஊற்றினேன். இப்போது கிளிநொச்சி வரை மதிய வெயிலிலும் நிற்காமல் போகிறது.

துரு வேறு கதை. அடித்தட்டில் உப்புக்காற்று வேலையைத் தொடங்கிவிட்டது. அது காரைத் தாங்கும் சட்டமான சேஸிஸுக்கு ஏறினால் மறுபேச்சில்லை, விற்றுவிடுவேன்.