எகிப்துக்குப் போன சாட்ஸ்வொர்த்: புவியியல் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டர்பன் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த பெண் திரையைக் காட்டி, "அங்கிள், சாட்ஸ்வொர்த்தைக் காணவில்லை" என்றாள். டர்பனின் புறநகர் அது. வரைபடத்தில் தேடினோம். கெய்ரோ பக்கம், கீசா பிரமிடுகளுக்கு மேற்கே கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நானும் அதை அங்கேதான் கொண்டுபோய்ப் போட்டேன்.

குறியைப் பார்க்காமல் எண்ணை இடுவது

தென்னாப்பிரிக்க நில அளவையில் ஓர் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களில் ஒய் மேற்கே கூடும், எக்ஸ் தெற்கே கூடும். வரைபட மென்பொருளோ கிழக்கையும் வடக்கையும் எதிர்பார்க்கும். கூட்டல், கழித்தல் குறி மாறினால் 30 பாகை தெற்கு 30 பாகை வடக்காகிவிடும். சிரித்துவிட்டுத் திருத்தலாம்.

டேட்டம் எது என்று கேட்காமல் இருப்பது

இன்றும் எனக்கு வயிற்றெரிச்சல் தருவது இதுதான். டேட்டம் என்பது அந்த எண்களை எந்தப் பூமி வடிவத்தின்மேல், எதை ஆதாரமாக வைத்து அளப்பது என்ற அடிப்படை. 1998 முடியும்வரை இந்நாட்டின் அளவைகள் கேப் டேட்டத்தில் இருந்தன. 1999 ஜனவரி 1 முதல் ஹார்ட்டபீஸ்டூக் 94 டேட்டத்தில். பழையது பூமியின் வடிவமாக கிளார்க் 1880 நீள்வட்டத்தின்மேல் நிற்கிறது, புதியது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-இன்மேல். டர்பனில் ஒரே வீட்டின் எக்ஸ் எண் இரண்டிலும் ஏறக்குறைய 300 மீட்டர் வேறுபடும். ஊர் ஊராகவே இருக்கும், தெரு தெருவாகவே இருக்கும். பார்த்தால் ஒரு சந்தேகமும் வராது.

உம்லதுசானா ஆற்றோரம் வெள்ள எல்லை வரையும் வேலை எனக்கு வந்தது. கேப் டேட்டத்தில் இருந்த பழைய மனைப் பட்டியலைப் புதிய டேட்டத்தின் சமவுயரக் கோடுகளின்மேல் அப்படியே விரித்தேன். வடகரை வீடுகள் எல்லாம் 300 மீட்டர் வடக்கே நகர்ந்து மேட்டில் ஏறிக்கொண்டன. அறிக்கையில் 'ஆபத்தில்லை' என்று எழுதியும்விட்டேன். படத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனபோது ஓர் ஆயா தன் வீட்டைத் தேடிப் பிடித்தார். "87 வெள்ளத்தில் என் அடுப்படியில் இடுப்பளவு தண்ணீர். நீ என்னை மலையில் குடிவைத்திருக்கிறாயே?" என்றார். ஆறு வார வேலை வீண். செலவை ஏற்க வாடிக்கையாளர் மறுத்துவிட்டார், அது நியாயம்தான்.

இப்போது வருகிறவர்கள் இதற்கு இரண்டு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். கோப்பின் டேட்டம் பெயரை மட்டும் மாற்றுவது ஒன்று. பெயர் மாறினால் எண் மாறாது. ஒரு டேட்டத்தின் எண்ணை மற்றதன் எண்ணாக்கும் உருமாற்றக் கணக்கைச் செய்தாக வேண்டும். கையால் 300 மீட்டர் இழுத்து வைப்பது இன்னொன்று. அது இன்னும் மோசம், ஏனென்றால் டர்பனின் வேறுபாடு கேப் டவுனுக்குப் பொருந்தாது. ஐயமிருந்தால் இன்றும் நிற்கும் ஒரு பழைய கோயில் மூலையையோ பாலத்தையோ ஜிபிஎஸ்ஸால் அளந்து, பட்டியலோடு ஒப்பிடுங்கள். அரை நாள் போகும், அவ்வளவுதான்.

பட்டம் வாங்கியபின் விசாரிப்பது

புவித்தகவல் வல்லுநராகப் பதிவு செய்ய 2013-ஆம் ஆண்டின் 19-ஆம் சட்டப்படி தென்னாப்பிரிக்க ஜியோமாட்டிக்ஸ் மன்றத்துக்குப் போக வேண்டும். வெறும் புவியியல் பட்டம் போதும் என்று நினைக்காதீர்கள். மன்றம் எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று முதலாண்டிலேயே பாருங்கள்.

இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுப்பது

தேசிய வரைபடத் தரவு கேப் டவுனின் மௌப்ரேயில் உள்ள அரசு வரைபட அலுவலகத்தில் இலவசம்.

ஆயாவோடு வாதாடுவது

வேண்டாம்.